நங்கூரம் போட்ட இடத்தில் அக்கம்பக்கம்

மேற்குக் கரையோரம் மோட்டார் படகில் போவது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கடலோர ஊர்களைவிட நீலகிரியிலிருந்தும் பழநி மலையிலிருந்தும்தான் அதிகம் வந்திருக்கின்றன. இதில் வியக்க ஒன்றுமில்லை. கூடலூரில் காலையில் கிளம்பி நாடுகாணி, நிலம்பூர் வழியாக இறங்கினால் மதியச் சாப்பாட்டுக்குக் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர்த் துறைமுகம் போய்விடலாம். கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறும் சாலியாற்றில் கலந்து அங்கேதான் கடல் சேர்கிறது. மலையில் இருப்பவர்களுக்குக் கடலில் எது புதிதோ அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: 21 அடி ஃபைபர் படகு, 60 குதிரைத்திறன் நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்). பேப்பூரிலிருந்து கொச்சி வரை கரையோரமாகப் போக நினைக்கிறோம். எந்த மாதம், எங்கே தங்குவது, எவ்வளவு பெட்ரோல்?
— வாசகர், கூடலூர்

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே வேண்டாம். அக்டோபரில் மாலை இடிமழை இருக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் காலையில் கடல் சாது, பதினொரு மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று எழும், மூன்று நான்கு மணிக்கு அலை படகை நன்றாகவே அடிக்கும். ஆகவே 6 மணிக்குக் கிளம்பி 11 மணிக்குள் உள்ளே நுழைந்துவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் இன்னொரு காற்று உண்டு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று, பொன்னானிக்குத் தெற்கே கடலுக்குள் இறங்கும். கரையிலிருந்து அடிப்பதால் கரையோரம் தண்ணீர் தட்டையாகத் தெரியும். அதை நம்பி வெளியே போனால் சில மைலில் குத்தலான அலை. கரையிலிருந்து 2 கடல் மைலுக்குள்ளேயே (ஒரு கடல் மைல் சுமார் 1.85 கிலோமீட்டர்) இருங்கள். எஞ்சின் நின்றால் இந்தக் காற்று உங்களை வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். எனவே முதலில் நங்கூரத்தை இறக்கிவிட்டுப் பிறகு எஞ்சின் மூடியைத் திறங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே ஆழம் கயிற்றுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறார்கள்.

தூரம் மொத்தம் சுமார் 75 கடல் மைல். பேப்பூர் – பொன்னானி 24, பொன்னானி – முனம்பம் 39, முனம்பம் – கொச்சி 13 என்று பிரித்துக்கொள்ளலாம். உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 22, 23 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓட்டினால் 12 முதல் 14 லிட்டர். சுமையோடு 16, 17 நாட் (மணிக்கு அத்தனை கடல் மைல்) கிடைக்கும். கடல் மைலுக்கு 0.8 லிட்டர் என்று கணக்கு வைத்தால் 60 லிட்டர் ஆகிறது. அதை மூன்றில் இரண்டு பங்காக எடுத்துக்கொண்டு 90 லிட்டர் ஏற்றுங்கள். மூன்றில் ஒரு பங்கு கையிருப்பு என்பது பெருந்தன்மையான கணக்கு அல்ல. எதிரலையில் குடி அந்த அளவுக்கு ஏறும்.

மூன்று இடத்திலும் ஆற்று முகத்துவாரம். வற்று, அதாவது இறங்கும் நீரோட்டம், வெளியே ஓடும் நேரத்தில் கடலலை எதிரே வந்தால், வாயில் அலை செங்குத்தாக எழுந்து உடையும். ஏற்றம் பாதிக்கு மேல் போன பிறகு நுழையுங்கள். நுழையும்போது ஒரே அலையின் முதுகில் உட்கார்ந்து போக வேண்டும். அதைத் தாண்டி முன்னால் விழக்கூடாது. துறைமுகத்துக்குள் மீன் இறக்கும் பக்கம் கட்டாதீர்கள். அது விடியற்காலையில் வேலை நடக்கும் இடம். துறைமுக அலுவலகத்திலும் கடலோரக் காவல் நிலையத்திலும் படகின் பதிவுச் சான்று, பயணிகள் பெயர், அடுத்து போகும் இடம் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554, கடலோரக் காவல் துறை 1093.

முனம்பத்துக்குப் பிறகு கடல் பிடிக்கவில்லை என்றால் உள்ளே காயல் வழி இருக்கிறது. கோட்டப்புரத்திலிருந்து கொல்லம் வரை 168 கிலோமீட்டர், 1993-இல் 3-ஆம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. பாலங்களின் உயரத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் உள்ளேயும் சரி, வெளியேயும் சரி ஓடாதீர்கள், வலை தெரியாது. புரொப்பல்லரில் சுற்றினால் உங்களுக்கு ஒரு மணி நேர வேலை, வலைக்காரருக்கு ஒரு மாத வருமானம்.

கேள்வி: பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு ஒன்றை எஸ்டேட் ஷெட்டில் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டி, கார்புரேட்டரைச் சரி செய்து வைத்திருக்கிறோம். அருமையாக ஓடுகிறது. அப்படியே கடலுக்குக் கொண்டு போகலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: கூடாது. கோத்தகிரி ஏறக்குறைய 1,790 மீட்டர் உயரம். 300 மீட்டருக்கு 3 சதவீதம் வீதம் எஞ்சின் பலம் குறையும் என்பது பொதுக் கணக்கு. அங்கே சுமார் 18 சதவீதம் போய்விடுகிறது. காற்று மெலிந்திருப்பதால் கலவையில் பெட்ரோல் கூடுதலாகி, பிளக் கறுத்து, புகை வரும். அதைச் சரி செய்ய உங்கள் மெக்கானிக் சிறிய ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) போட்டிருப்பார். மலைக்கு அது சரி. கடல் மட்டத்தில் காற்று அடர்த்தியாக இருக்கும், ஜெட் சிறியதாகவே இருக்கும்; பெட்ரோல் போதாது. இரண்டு ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. கலவை மெலிந்தால் சூடும் கூடும், ஆயிலும் குறையும். அரை மணி நேரம் முழுத் திராட்டிலில் ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கொடுமை என்னவென்றால், அதற்குச் சற்று முன்புவரை எஞ்சின் வழக்கத்தைவிட நன்றாகவே ஓடுவதுபோல் இருக்கும்.

கம்பெனி கொடுத்த அளவு ஜெட்டை மறுபடி போட்டுக்கொண்டு இறங்குங்கள். முதல் பத்து நிமிடம் அரை வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் உள்ள நாலு ஸ்ட்ரோக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்றழுத்தத்தை அதுவே அளந்துகொள்ளும்.

புரொப்பல்லரையும் பார்க்க வேண்டும். மலை ஏரியில் பலம் போதாமல் யாராவது பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்ததை மாட்டியிருந்தால், கடல் மட்டத்தில் எஞ்சின் அனுமதித்த சுற்றைத் தாண்டிக் கத்தும். ஓர் அங்குலப் பிட்ச்சுக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வித்தியாசம். முழுச் சுமையுடன், முழுத் திராட்டிலில், எஞ்சின் புத்தகத்தில் போட்டிருக்கும் எல்லைக்குள் சுற்று வருகிறதா என்று பார்ப்பதே சோதனை. தொட்டியில் ஓட்டியது எதையும் காட்டாது. எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரித்துப்போகும் துத்தநாகத் தகட்டையும் மறக்காதீர்கள்: நன்னீருக்கு மெக்னீசியம் போட்டிருந்தால் உப்பு நீரில் அது மிக வேகமாகக் கரைந்துவிடும்; துத்தநாகமோ அலுமினியமோ மாட்டுங்கள்.

டிரெய்லரில் இறக்குவதாக இருந்தால் ஒரு வார்த்தை. மலைப்பாதை முழுவதும் பிரேக் பிடித்து வந்த சக்கரத்தின் ஹப் கொதிக்கும். போன கையோடு உப்பு நீரில் இறக்கினால், ஹப் சட்டென்று குளிர்ந்து உள்ளே வெற்றிடம் ஏற்பட்டு, சீல் வழியாகக் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். திரும்பி ஏறும்போது பேரிங் போகும். கையால் தொட முடிகிற சூடு வரும்வரை, அரை மணி நேரமாவது, நிறுத்தி வைத்து டீ குடியுங்கள்.

கேள்வி: ஊட்டியிலேயே காற்றடித்துக் கட்டிக்கொண்டு போன ரப்பர் டிங்கி, கோழிக்கோட்டில் இறக்கியபோது தொளதொளவென்று ஆகிவிட்டது. ஓட்டை எதுவும் இல்லை. ஏன்?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: காற்று எங்கும் போகவில்லை, வெளியே இருந்த அழுத்தம் கூடிவிட்டது. உதகையில் காற்றழுத்தம் சுமார் 77 கிலோபாஸ்கல், கடல் மட்டத்தில் 101. நீங்கள் உதகையில் வெளி அழுத்தத்தைவிட 25 கூட அடித்திருந்தால் உள்ளே மொத்தம் 102. கீழே வந்ததும் வெளியே 101 இருக்க, மிஞ்சுவது 1. கடலோர வெயிலின் சூடு இன்னும் ஐந்தைக் கூட்டும், அவ்வளவுதான். இதன் மறுபக்கம் ஆபத்து: கடற்கரையில் கெட்டியாக 25 அடித்து அப்படியே மலையேற்றினால் மேலே வரும்போது 50-ஐத் தொடும், ஒட்டு பிரியும். இறங்கினாலும் சரி, ஏறினாலும் சரி, கிளம்பும்போது காற்றை இறக்கிவிடுங்கள். மூடிய பெட்ரோல் கேனும் இதே கதைதான், இறங்கும்போது உள்வாங்கும், ஏறும்போது உப்பும். மலையேறும்போது நடுவில் நிறுத்தி, பீடி சிகரெட் இல்லாத இடத்தில், மூடியை மெல்லத் தளர்த்தி இறுக்குங்கள்.

கேள்வி: கொடை ஏரியில் எல்லோரும் துடுப்புப் படகுக்கு ஒதுங்கிப் போவோம். கடலில் பாய்ப்படகுக்கு மோட்டார் படகு எப்போதும் வழி விட வேண்டுமா?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, பாயில் மட்டும் ஓடும் படகுக்கு எஞ்சின் படகு வழி விட வேண்டும். பாய் விரித்திருந்தாலும் எஞ்சினும் ஓடினால் அது மோட்டார் படகுதான். பகலில் முனை கீழ்நோக்கிய கறுப்புக் கூம்பு ஒன்றை முன்னால் தொங்கவிட வேண்டும். தொங்கவிடுபவர் குறைவு, ஆகவே பின்புறம் எஞ்சின் தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். பாய்ப்படகு உங்களைப் பின்னாலிருந்து முந்தினால் ஒதுங்க வேண்டியது அதுதான். குறுகிய கால்வாயில் கப்பல் வந்தால் நீங்கள் இருவருமே ஓரம். வலை இழுக்கும் படகுக்கும் இருவரும் விலக வேண்டும்.

வழி விடுவதென்றால் தூரத்திலேயே, அவருக்குத் தெரிகிற மாதிரி திருப்பிவிடுங்கள். பாய்ப்படகு காற்றை நோக்கிப் போகும்போது இடமும் வலமுமாக மாறி மாறித்தான் போகும். உங்களை வம்புக்கு இழுப்பதாக எண்ண வேண்டாம். அதன் பின்பக்கமாகக் கடந்து போவது எல்லோருக்கும் நிம்மதி.

கேள்வி: கொச்சியில் ஒரு பாய்ப்படகுக்கு 30 மீட்டர் தள்ளி நங்கூரம் போட்டோம். மறுபடி எடுத்துத் தள்ளிப் போடும்படி அந்தப் படகுக்காரர் கோபமாகச் சொன்னார். அவ்வளவு இடம் இருந்தும் ஏன்? எங்கள் படகு 7 மீட்டர், நங்கூரத்துக்குக் கயிறும் கொஞ்சம் சங்கிலியும்.
— வாசகி, உதகமண்டலம்

பதில்: குரலைக் குறைத்திருக்கலாம், மற்றபடி நியாயம் அவர் பக்கம். நம் மலை ஏரிகளில் யாரும் நங்கூரம் போடுவதில்லை, நீரோட்டமும் இல்லை. அதனால் நின்ற இடத்தில் நிற்கும் என்று தோன்றும். முளையில் கட்டிய மாடுபோல, கயிற்றின் நீளத்துக்கு வட்டம் முழுவதும் படகின் இடம்தான்.

உங்கள் வட்டத்தைப் போட்டுப் பாருங்கள். ஆழம் 5 மீட்டர், நீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர், ஆக 6. கயிறு என்றால் அதைப்போல் ஏழு மடங்கு, 42 மீட்டர் விட்டிருப்பீர்கள். படகோடு சேர்த்து ஏறக்குறைய 49 மீட்டர் ஆரம். அவருடையது 12 மீட்டர் படகு, முழுச் சங்கிலி, ஐந்து மடங்கு என்று வைத்தால் 30, 35 மீட்டர் விட்டிருப்பார். காற்று குறைவாக இருக்கும்போது சங்கிலி தன் கனத்திலேயே தரையில் படுத்துக் கிடக்கும். அவர் படகு சில மீட்டர்தான் நகரும். உங்கள் கயிறு அப்படிக் கிடக்காது, நீங்கள் 49 மீட்டரும் சுற்றி வருவீர்கள். சிறிய படகுதான் பெரிய வட்டம் போடுகிறது. 30 மீட்டர் எப்படிப் போதும்?

அடுத்தது, இரண்டும் ஒரே திசையில் நிற்பதில்லை. பாய்ப்படகுக்கு நீருக்கடியில் ஆழமான கீல் (அடியில் நீட்டியிருக்கும் தகடு) உண்டு, அது நீரோட்டத்துக்குக் கட்டுப்படும். உங்கள் படகு நீருக்கு மேலே உயரம், கீழே ஒன்றுமில்லை, அது காற்றுக்குக் கட்டுப்படும். கொச்சியில் மாலையில் கடற்காற்று உள்ளே வர, வற்று வெளியே ஓடும் நேரத்தைக் கவனியுங்கள்: அவர் கிழக்கே மூக்கை நீட்டி நிற்பார், நீங்கள் மேற்கே நீட்டுவீர்கள், இரண்டு பின்புறமும் நடுவில் சந்திக்கும். இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. அதனால்தான் மோட்டார் படகுகள் தங்களுக்குள் நெருங்கி நிற்கலாம், பாய்ப்படகுகளும் தங்களுக்குள் நெருங்கி நிற்கலாம், கலந்து நிற்கும்போது மட்டும் இரு வட்டத்தின் ஆரத்தையும் கூட்டி இடம் விட வேண்டும் என்கிறோம். உங்கள் கணக்கில் 49 கூட்டல் 47. அவருடைய நங்கூரத்துக்கும் உங்களுடையதற்கும் நடுவே 95 மீட்டருக்குக் குறையக்கூடாது. இடம் நெருக்கடி என்றால் நெருங்கிப் போய் எஞ்சினைத் தணித்து, "எத்தனை மீட்டர் விட்டிருக்கிறீர்கள், சங்கிலியா கயிறா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி ஒன்றே உங்களுக்குப் பாதி நட்பைச் சம்பாதித்துக் கொடுத்துவிடும். முதலில் வந்து நிற்பவருக்குத்தான் உரிமை, பின்னால் வந்தவர் விலக வேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

போடும் முறை. காற்றடியிலிருந்து, அதாவது படகுகள் மூக்கு நீட்டியிருக்கும் திசையை நோக்கி, மெதுவாக வாருங்கள். அவருடைய நங்கூரம் அவர் படகுக்கு முன்னால் எங்கோ கிடக்கிறது என்பதை நினைவில் வைத்து, அதன் மேல் போடாதீர்கள். நிறுத்த நினைத்த இடத்தில் படகு முழுவதும் நின்ற பிறகு நங்கூரத்தை இறக்குங்கள், எறிய வேண்டாம். எறிந்தால் கயிறு கொக்கியில் சுற்றும். தரை தொட்டதும் படகைப் பின்னால் மிதக்க விட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பாதி விட்டதும் ஒரு முறை இழுத்துப் பிடியுங்கள், நங்கூரம் மூக்கைத் தரையில் குத்தும். முழுவதும் விட்ட பிறகு ரிவர்ஸில் முதலில் ஐடிலில், பிறகு 1,500 சுற்றில் அரை நிமிடம். அப்போது கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கயிறு கம்பிபோல் விறைத்து நிற்கும். உழுதுகொண்டு வந்தால் கையில் தட்டுத் தட்டாக, கரகரவென்று தெரியும். கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களை, ஒரு தென்னையும் அதன் பின்னால் ஒரு கோபுரமும் என்பதுபோல, பக்கவாட்டில் தேர்ந்துகொள்ளுங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிக்கொண்டே போனால் நீங்கள் நகர்கிறீர்கள்.

காயலிலும் கொச்சியிலும் தரை வெறும் சேறு. மீன்பிடிப் படகுகளில் இருக்கும் நாலு கொக்கி நங்கூரம் பாறைக்கு நல்லது, சேற்றில் வெண்ணெயில் போன கத்தி. அகலத் தகடு மடங்கும் டான்ஃபோர்த் வகைதான் இங்கே வேண்டும். 7 மீட்டர் படகுக்கு 8 முதல் 10 கிலோ, அதற்குப் பின் 8 மில்லிமீட்டர் சங்கிலி 8 மீட்டராவது, பிறகு 12 மில்லிமீட்டர் நைலான் கயிறு 60 மீட்டர். நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிளின் ஆணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். அது கழன்றுதான் பல நங்கூரங்கள் கடலுக்குப் போயின. மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு வேண்டாம், நீர்மட்டத்தில் கிடந்து அடுத்தவர் புரொப்பல்லரில் மாட்டும். கயிற்றைப் பின்புறம் ஒருபோதும் கட்டாதீர்கள். அவுட்போர்டின் கனம் அங்கே ஏற்கெனவே அழுத்திக்கொண்டிருக்கிறது, ஒரு வள்ளம் வேகமாகக் கடந்து போனால் அந்த அலையே உள்ளே ஏறிவிடும்.

உங்கள் படகு நங்கூரத்தில் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தால், முன்னால் இரு பக்கக் கிளீட்டிலிருந்தும் (கயிறு கட்டும் கொம்பு) கயிறு எடுத்து ஆங்கில வி எழுத்துபோல் நங்கூரக் கயிற்றில் இணையுங்கள். அவுட்போர்டைத் தூக்கிவிடாமல் நீருக்குள்ளேயே விட்டாலும் ஓரளவு அடங்கும்.

கேள்வி: இரவில் ஃபேனும் ஃபோன் சார்ஜும் வேண்டும் என்று சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்துப் போகிறோம். பக்கத்துப் படகுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். வேறு வழி உண்டா?
— வாசகர், குன்னூர்

பதில்: முகம் சுளிப்பதைவிட அதில் பெரிய விஷயம் புகை. படகு சுற்றிக்கொண்டே இருப்பதால் புகை ஒரு நேரம் உங்கள் கேபினுக்குள், ஒரு நேரம் பக்கத்துப் படகில் தூங்குபவர் முகத்தில். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தூங்கும்போது எந்த ஜெனரேட்டரும் ஓடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

தேவையைக் கூட்டிப் பாருங்கள். எல்இடி நங்கூர விளக்கு 0.2 ஆம்பியர், 12 மணி நேரத்துக்கு 2.4 ஆம்பியர்-மணி. 12 வோல்ட் ஃபேன் இரண்டு, ஒன்றுக்கு 0.5 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம், 10. ஃபோன்களுக்கு 5. மொத்தம் 18 கூட இல்லை. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை எடுக்கலாம். இரண்டு ராத்திரிக்கு மேல் வரும். 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் ஒரு நாளுக்கு 30 திருப்பிக் கொடுக்கும். எஞ்சின் ஸ்டார்ட் பேட்டரி தனி, அதைத் தொடக்கூடாது. ஃபிரிட்ஜ் வைத்தால்தான் கணக்கு 45, 50 கூடும். ஐஸ் பெட்டி போதுமே.

நங்கூர விளக்கு என்றதும் சொல்ல வேண்டும்: சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று, 2 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். பகலில் கறுப்பு உருண்டை. 7 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு விலக்கு உண்டு என்று சிலர் வாதிடுவார்கள். மற்றப் படகுகள் வந்துபோகும் இடத்தில் அந்த விலக்கு செல்லாது.

பக்கத்துப் படகுக்குத் தொல்லை தருவதில் உங்கள் படகு கிளப்பும் அலையும் இதே வகை. உங்கள் படகு நீரைக் கிழித்துக்கொண்டு 4, 5 நாட்டில் போகும்போது அலை சின்னது. முழு வேகத்தில் மேலே ஏறி வழுக்கும்போதும் ஓரளவுதான். இரண்டுக்கும் நடுவில், மூக்கைத் தூக்கிக்கொண்டு 8 முதல் 12 நாட்டில் போவதுதான் மிகப் பெரிய அலையைக் கிளப்பும். "கொஞ்சம் குறைத்துக்கொண்டுதானே போனேன்" என்பவர்கள் போவது பெரும்பாலும் அந்த வேகத்தில். உயரமான மரம் நட்ட பாய்ப்படகு அந்த அலையில் ஊசல்போல் ஆடும், அடுப்பில் இருக்கும் வெந்நீர் மடியில் கொட்டும். 200 மீட்டருக்கு முன்பே, படிப்படியாகக் குறையுங்கள். சட்டென்று குறைத்தால் உங்கள் பின்னால் வரும் அலை உங்கள் மேலேயே ஏறும்.

கேள்வி: அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கும் மகன் தன் மோட்டார் படகில் எங்களை ஃபுளோரிடாவுக்கு அழைக்கிறான். கடலுக்குள் போகாமலே போகலாம் என்கிறான். உண்மையா? நாங்கள் அங்கே எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?
— வாசகர், குன்னூர்

பதில்: உண்மைதான். அட்லாண்டிக் கரையோர உள்நீர்வழி என்று ஒன்று இருக்கிறது. ஆறு, காயல், வெட்டிய கால்வாய் எல்லாம் சேர்ந்தது. நார்ஃபோக் நகரம் மைல் 0, மயாமி ஏறக்குறைய மைல் 1,090. இவை தரை மைல்கள், கடல் மைல் அல்ல. ஆரம்பத்திலேயே இரண்டு வழி பிரியும். 1805-இல் திறந்த டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் அழகு, ஆனால் ஆழம் குறைவு, மிதக்கும் கட்டைகள் உண்டு. மற்றது கிரேட் பிரிட்ஜ் லாக் (நீர்மட்டத்தை மாற்றிப் படகை விடும் கதவுகள்) வழி, அகலம்.

முதலில் மறக்க வேண்டியது நம் ஊர் மிதவை நிறம். இங்கே கடலிலிருந்து துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம், அங்கே வலப்பக்கம். நார்ஃபோக்கிலிருந்து தெற்கே போகும்போதும் சிவப்பு வலப்பக்கமே. ஆற்று மிதவைகள் குறுக்கிட்டுக் குழப்பும் இடங்களில் அடையாளத்தின் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சளைப் பாருங்கள்: மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். அடிப்படை நிறம் எதுவானாலும் மஞ்சள் சொல்வதுதான் கணக்கு.

அந்த வழியில் இலையுதிர் காலத்தில் பாய்ப்படகுகள் கூட்டமாகத் தெற்கே போகும். நிலைப் பாலங்கள் பொதுவாக 65 அடி உயரம். அதனால் கொடிமரம் உயர்ந்த படகுகள் மயாமியின் 56 அடி ஜூலியா டட்டில் பாலத்துக்கு முன்பே கடலுக்குத் திரும்பிவிடும். திறந்து மூடும் பாலங்களில் அவர்கள் காத்திருப்பார்கள். உங்கள் படகு அடியில் போக முடிந்தால் முண்டியடிக்காமல் மெதுவாகப் போய்விடலாம். பாலக்காரரைக் கூப்பிட வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் படகு ரேடியோவில் (விஎச்எஃப்) 13-ஆம் சானல், தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடாவில் 9.

முந்துவதற்கு அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. முந்த நினைப்பவர் ரேடியோவில் முன்னாலிருப்பவர் படகின் பெயரைச் சொல்லி, எந்தப் பக்கம் என்று கேட்பார். பாய்ப்படகு 6 நாட்டில் போனால் அதை அலையின்றி முந்த உங்களால் முடியாது. எனவே அவர் 3, 4 நாட்டுக்குக் குறைப்பார், நீங்கள் 5, 6-இல் கடந்து, நன்றாகத் தாண்டிய பிறகு வேகம் எடுக்க வேண்டும். அவர் குறைக்காமல் அடம் பிடித்தால் அலையைக் குறை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. நம் காயல்களிலும் இது வந்தால் நன்றாக இருக்கும்.

நங்கூரத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஜார்ஜியா. கொச்சியில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். அங்கே 7 முதல் 9 அடி. வற்றில் 10 அடி ஆழம் பார்த்து நின்றால், 8 அடி ஏற்றமும் 4 அடி படகு முனையும் சேர்த்து 22 அடி. சங்கிலிக்கு ஐந்து மடங்கு, 110 அடி. பார்த்த ஆழத்துக்கு மட்டும் 50 அடி விட்டவர் நள்ளிரவு ஏற்றத்தில் நகர்வார். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நீரோட்டமும் திசை மாறும். மேலே உதகை வாசகிக்குச் சொன்ன கலப்புத் தொல்லை அங்கே நாளுக்கு நாலு முறை.

கேள்வி: மலைக்காரர்களுக்குக் கடலில் வாந்தி அதிகம் வருமாமே?
— வாசகர், பண்ணைக்காடு

பதில்: மலைக்காரர் என்பதற்காக அல்ல. பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவில் யாருக்கு வருமோ அவருக்குக் கடலிலும் வரும். வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம். தூக்கம் வரும், ஓட்டுபவர் போடக்கூடாது. படகின் நடுவில், பின்பக்கமாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. ஃபோனைப் பார்த்தால் போச்சு. மலைக்காரர்களை உண்மையில் வீழ்த்துவது வெயில்தான்; ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர், நீளக்கைச் சட்டை.

கேள்வி: நடு இரவில் நங்கூரம் இழுபட்டு ஒரு பாய்ப்படகு எங்கள் மேல் வந்தால், அல்லது நாங்கள் அதன் மேல் போனால், என்ன செய்வது?
— வாசகர், பெருமாள்மலை

பதில்: யார் நகர்கிறார் என்று முதலில் உறுதி செய்யுங்கள். கயிற்றில் கை வைத்தால் தெரியும். நீங்கள்தான் என்றால் எஞ்சினைக் கிளப்பி, நங்கூரத்தின் திசையில் மெல்ல முன்னே போய்க் கயிற்றை எடுங்கள். கயிறு தொங்கும்போது ரிவர்ஸ் போடாதீர்கள், புரொப்பல்லர் தின்றுவிடும். பிறகு வேறிடம். அதே இடத்தில் இன்னும் கயிறு விட்டுப் பார்ப்பது, பின்னால் யாரும் இல்லாவிட்டால்தான் சரி.

அவர் வருகிறார் என்றால் டார்ச்சை அவர் கேபின் ஜன்னலில் அடித்து, ஹாரனை ஐந்து முறை சுருக்கமாக ஊதுங்கள். மோதலைத் தாங்கும் ரப்பர் ஃபெண்டர்களை அந்தப் பக்கம் தொங்கவிடுங்கள். கையாலோ காலாலோ தள்ளவே கூடாது. 8, 10 டன் படகு விரலை நசுக்கிவிடும். உங்கள் கயிற்றை நீட்டிவிட்டால் நீங்கள் பின்னால் போவீர்கள், அவர் பக்கவாட்டில் நழுவ இடம் கிடைக்கும்.

இரண்டு நங்கூரமும் சிக்கிக்கொண்டால் இருட்டில் பிரிக்க முயல வேண்டாம். ஃபெண்டர் நிறைய வைத்து இரண்டு படகையும் பக்கம் பக்கமாகக் கட்டிவிட்டு, விடியும்வரை முறை போட்டு விழித்திருங்கள். காலையில் உங்கள் நங்கூரத்தைத் தூக்கினால் அதன் மேல் அவருடைய சங்கிலி தொங்கிக்கொண்டு வரும். ஒரு தனிக் கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் விட்டு எடுத்து, இரு முனையையும் உங்கள் கிளீட்டில் கட்டுங்கள். சங்கிலியின் கனம் இப்போது அந்தக் கயிற்றில் இருக்கும். உங்கள் நங்கூரத்தை ஓர் அடி கீழே இறக்கி அதை விடுவித்துக்கொண்டு மேலே தூக்கி வையுங்கள். பிறகு கயிற்றின் ஒரு முனையை அவிழ்த்தால் அவருடைய சங்கிலி தானாகக் கீழே போய்விடும். முனையை அவிழ்க்கும் முன் அவருக்குச் சொல்லிவிடுங்கள். சங்கிலி தளர்ந்ததும் அவர் படகு பின்னால் போகும்.